நானூற்றுப் பன்னிரண்டு கீதங்கள்

1

நான் ஜெர்மனிக்கு வந்து பதினேழு வருடம் முடிந்த அன்று காலை, முதியோர் இல்லத்துச் சமையலறையில் முப்பத்தெட்டுப் பேருக்கு ஓட்ஸ் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தேன். ஏப்ரனுக்குள் கைபேசி அதிர்ந்தது. மின்நூல் கடையிலிருந்து ஒரு மடல். "வாழ்த்துகள். உங்கள் நூல் அதன் பிரிவில் முதலிடத்தில் உள்ளது."

கரண்டியைப் போட்டுவிட்டுக் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன். என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரி டனூட்டா, நான் கையைச் சுட்டுக்கொண்டேன் என்று நினைத்துக் குழாயைத் திறந்துவிட்டாள். கஞ்சி அடிப்பிடித்தது. அன்றைக்கு எல்லாப் பெரியவர்களும் கருகல் வாசனையோடுதான் சாப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் இன்றைக்குத்தான் ருசியாக இருக்கிறது என்று இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

நான் ஏன் அப்படிக் குதித்தேன் என்று ஊரிலிருக்கும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின் பெயர் 'கம்பெனி பஸ்'. கல்யாணத்துக்கு முன்னால் உத்திரமேரூரிலிருந்து ஒரகடம் பக்கம், கார்களுக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனிக்கு மூன்று வருடம் வேலைக்குப் போனேன். வாலாஜாபாத் வழியாக ஒன்றேகால் மணி நேரம். அந்த பஸ்ஸில் நாற்பது பெண்கள் பேசிய பேச்சுதான் புத்தகம் முழுக்க. சூப்பர்வைசரை எப்படிச் சமாளிப்பது, கேன்டீன் சாம்பாரில் என்ன மிதந்தது, யாருக்கு எங்கே பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், இதெல்லாம்தான். எங்கள் பேச்சை எங்கள் பேச்சாகவே எழுதினேன். நாங்கள் 'இருக்கிறது' என்று சொல்வதில்லை, 'கீது' என்போம். வீடு எங்களுக்கு வூடு. அப்படியேதான் எழுதினேன்.

அதே பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்காக என்னோடு மூன்று வருடம் சண்டை போட்டவள் வசந்தி. இப்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. என் புத்தகம்தான் அவள் பதிப்பாளராகப் போட்ட முதல் புத்தகம். காகிதப் பதிப்பு முந்நூறு பிரதி அவள் பொறுப்பு, மின்நூல் என் பொறுப்பு. வெளியீட்டு விழா அந்த வார ஞாயிற்றுக்கிழமை.

"இது ஓடிச்சின்னா அடுத்தது நம்ம மல்லிகா எய்திவெச்சிக்கீறத போடுவேன்" என்று சொல்லியிருந்தாள். "ஓடலன்னு வெச்சிக்கோ, கடைய பாத்துக்கினு கம்முனு கெடக்கவேண்டியதுதான். காதுகுத்து பத்திரிகைக்கு என்னிக்கும் கிராக்கி கீது."

முதலிடம் என்ற செய்தியைப் பார்த்ததும் முதலில் நினைத்தது அதே பஸ்ஸில் எங்களோடு வந்த அந்த மல்லிகாவைத்தான்.

2

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் புத்தகத்துக்குப் பேரம் கிடையாது. சட்டமே அப்படி. பதிப்பாளர் வைத்த விலைதான் விலை. பெரிய கடல் மாதிரி கடையானாலும் சரி, எங்கள் தெருமுனைக் கடையானாலும் சரி, ஒரு சென்ட் குறைக்க முடியாது. மின்நூலுக்கும் அதே கதைதான்.

இது தெரியாமல், என் மகள் கைக்குழந்தையாக இருந்த சமயம் எங்கள் தெருமுனைக் கடையில், அவளுக்காக ஒரு படப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்கள்" என்று என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். கடைக்கார அம்மாள் ப்ரான்ட் முகம் சிவந்துபோனது. போலீஸைக் கூப்பிடுவாளோ என்று பயந்துவிட்டேன். அவள் கூப்பிடவில்லை. உட்காரவைத்து, காப்பி கொடுத்து, அரைமணி நேரம் சட்டத்தை விளக்கினாள். "யார் வேண்டுமானாலும் விலையை வெட்டலாம் என்றால் முதலில் சாவது நான்" என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து புத்தகம் அங்கேதான் வாங்குகிறேன்.

இதை வசந்தியிடம் சொன்னபோது அவளால் நம்பவே முடியவில்லை. "கொறைச்சி குடுத்தா கேஸா? நம்மூர்ல கொறைக்கலன்னாதான்டி சண்டையே வரும்."

3

முதலிடம் என்ற மடலைப் படித்த ஒருமணி நேரத்தில் வசந்தி அழைத்தாள். நான் அவளுக்கு நல்ல செய்தி சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"இன்னாடி பண்ணிவெச்சிக்கீற?"

"ஏண்டி?"

"காஞ்சிபுரம் புக்கு கடைக்காரன் போன் பண்றான். ஒன் புக்கு போன்ல ஓசில கெட்சினு கீதாம். நான் இன்னாத்துக்கு நூறு புக்க அடுக்கி வெச்சினு குந்தினு கீறதுன்னு கேக்கறான். வந்து தூக்கினு போங்கறான். ஞாயித்துக்கெயமை விழாடி. எனக்கு பேஜாரா கீது."

கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் வைத்த நூற்றிருபது ரூபாயின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் பெரிதாக ஒரு பூஜ்ஜியம். முதலிடத்தின் ரகசியம் அதுதான். ஓசியில் கொடுத்தால் யார்தான் எடுக்கமாட்டார்கள்.

நான் பூஜ்ஜியம் போடவில்லை என்று சத்தியம் செய்தேன். பிறகு, புத்தகம் ஏற்றியபோது நிரப்பிய படிவத்தை மறுபடி திறந்து பார்த்தேன். இங்கே எனக்குக் கணக்கு இருப்பதால் படிவம் ஜெர்மனில்தான் வரும். பதினொரு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். 'வெட்பவேர்ப்ஸ்ப்ரைஸ்' வேண்டுமா என்று கேட்டது. வெட்பவேர்ப் என்றால் போட்டி. ப்ரைஸ் என்றால் ஜெர்மனில் விலையும் அதுதான், பரிசும் அதுதான். அவர்கள் கேட்டது போட்டி விலை. மற்றவர்கள் எவ்வளவு குறைக்கிறார்களோ அவ்வளவுக்கு உன் விலையையும் நாங்களே குறைத்துக்கொள்ளலாமா என்று. நான் படித்தது போட்டிப் பரிசு. ஆகா, ஏதோ போட்டி வைக்கிறார்கள், பரிசு கொடுப்பார்கள் என்று பேராசையோடு டிக் அடித்திருக்கிறேன். அடித்துவிட்டு அன்று சாயங்காலம் கேசரி வேறு செய்தேன்.

பதினேழு வருடம் இந்த மொழியில் பஸ் ஏறி, பல் பிடுங்கி, பிள்ளை பெற்றிருக்கிறேன். ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டேன்.

வசந்தியிடம் சொன்னேன். "ப்ரைஸு குடுத்துட்டாங்கடி ஒனக்கு. நல்லா குடுத்தாங்க" என்றாள்.

டிக்கை எடுத்துவிட்டேன். மாற்றம் நடைமுறைக்கு வர பத்து வேலை நாள் ஆகும் என்று பதில் வந்தது. விழாவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

4

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. போட்டி விலை என்றால் யாரோடு போட்டி? கம்பெனி பஸ்ஸில் போன பெண்களைப் பற்றி வேறு எவர் ஓசியில் புத்தகம் போட்டிருக்கிறார்கள்?

பிரிவைப் பார்த்தேன். 'பக்திப் பாடல்கள், ஞான கீதங்கள்' என்று போட்டிருந்தது. எனக்குக் கீழே வரிசையாகப் பாட்டுப் புத்தகங்கள், அத்தனையும் இலவசம். புண்ணியத்துக்குப் போட்டவர்கள், விலையா வைப்பார்கள்? அவர்களோடு என் ஒயர் கம்பெனியை நிறுத்தி, அவர்கள் பூஜ்ஜியம், நீயும் பூஜ்ஜியம் என்று கடையின் கணினி இறக்கிவிட்டிருந்தது. கீழே வாசகர் கருத்துகள் வேறு. ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, 'பாடல்கள் எங்கே? ராகமும் போடவில்லை' என்று கேட்டிருந்தார். இன்னொருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, 'புதுமையான முயற்சி' என்று எழுதியிருந்தார்.

என் புத்தகத்தையே இறக்கிப் படித்தேன். முதல் பக்கத்தில் வசந்தி பேசும் முதல் வரி. 'ஏய், இங்க எடம் கீதம், வா.' அடுத்த பக்கத்தில் 'சாம்பார்ல பல்லி கீதம்.' அதற்கடுத்து 'எங்க வூட்டாண்ட ஒரு மாப்ள கீதம்.' எங்கே பார்த்தாலும் கீதம். அதைப் பார்த்துத்தான் கடையின் கணினி என்னைப் பாட்டுப் பிரிவில் சேர்த்திருக்கிறது.

என் மகள் இனியாவுக்குப் பதினைந்து வயது. மின்நூல் கோப்பைத் தயாரித்துக் கொடுத்தவள் அவள்தான். கூப்பிட்டுக் கேட்டேன். பெருமையாகத்தான் சொன்னாள்.

"அம்மா, நீ ஏற்றுவதற்கு முன்னால் நான் பிழை திருத்தினேன். நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள் இருந்தன."

அவள் தமிழ் அப்படித்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்றது.

"எல்லாம் ஒரே பிழைதான். 'கீது' என்று ஒரு சொல் கிடையாது. செயலி 'கீதம்' என்று காட்டியது. எல்லாவற்றையும் மாற்று என்று அழுத்தினேன்."

"ஒரே வார்த்தை நானூறு தடவை வருதே, உனக்குச் சந்தேகமே வரலையா?"

கொஞ்சம் தயங்கினாள். "நீ தமிழ்ப் பள்ளிக்குப் போனதில்லை அல்லவா? அதனால் உனக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். பாவமாக இருந்தது."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அது எங்கள் ஊர்ப் பேச்சு, வசந்தி சித்தியோடு நான் பேசுவேனே அந்தப் பேச்சு என்றேன். அவள் கண்ணை விரித்தாள். "நீ சித்தியோடு பேசுவது தெலுங்கு என்று நினைத்தேன்."

அவளைக் குறை சொல்லி என்ன பயன். இந்த வீட்டில் அவள் அதை எங்கே கேட்டாள்? என் கணவர் கோயம்புத்தூர்க்காரர். கல்யாணமான புதிதில் நான் 'தண்ணி கீது' என்றபோது சிரித்தார். கெட்ட எண்ணம் இல்லை, சும்மாதான் சிரித்தார். நான் அன்றோடு நிறுத்திவிட்டேன். இருக்கிறது, இருக்குது, இருக்கு என்று வாயைக் கழுவிக்கொண்டேன். வசந்தியோடு பேசவேண்டுமானால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். பிள்ளைக்குத் தெரியாமல் வளர்த்தவள் நான். அவமானமாக இருந்தது, மறைக்கவில்லை, அன்றைக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது.

சரியான கோப்பை மறுபடி ஏற்றலாம் என்றால் அதுவும் இல்லை. என் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டாள். வசந்தியிடம் இருப்பது அச்சுக்கான பழைய எழுத்துரு. அதை மாற்றிப் பார்த்தோம். கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக ஓடியது.

5

கடைசி முயற்சியாக, ப்ரான்ட் அம்மாளிடம் ஓடினேன். புத்தகத்துக்கு விலை போய்விட்டது என்று சொல்ல நினைத்து, "என் புத்தகத்துக்கு இனிமேல் ப்ரைஸ் இல்லை" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதே, அடுத்த வருடம் கிடைக்கும்" என்றாள். அந்த வார்த்தை என்னை விடுவதாக இல்லை.

விஷயம் புரிந்ததும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இங்கே இருந்துகொண்டு ஏற்றிய மின்நூல், விலையைக் குறைக்க அவர்கள் யார், சட்டம் இருக்கிறது என்று சொல்லி, ஒரு அலுவலகத்துக்கு அவளே மடல் அடித்துக் கொடுத்தாள். இரண்டு நாளில் பதில் வந்தது. ஜெர்மன் அலுவலகம், தாமதமே கிடையாது. வேற்றுமொழிப் புத்தகமானால், அது முக்கியமாக இந்த நாட்டில் விற்பதற்காக வந்ததாக இருந்தால்தான் விலைக்குக் காவல் உண்டாம். ஆகவே கேட்டிருந்தார்கள். உங்கள் நூல் முக்கியமாக யாருக்காக வெளியிடப்பட்டது?

ஆமாம், இங்கே உள்ளவர்களுக்காகத்தான் என்று ஒரு வரி எழுதினால் காரியம் நடக்கலாம். ப்ரான்ட் அம்மாள் கண்ணாலேயே, எழுதேன் என்றாள். என்னால் முடியவில்லை. இந்த ஊரில் மொத்தம் ஆறு தமிழ்க் குடும்பம். 'உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்காக' என்று எழுதி அனுப்பினேன். நன்றி, அப்படியானால் பொருந்தாது என்று பதில் வந்தது. எனக்கு வருத்தமே இல்லை. பதினேழு வருடத்தில் இந்த நாட்டு அரசாங்கத்துக்கு நான் எழுதிய எல்லாப் பதில்களிலும் இதுதான் முழு உண்மை.

6

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அங்கே பதினோரு மணி, இங்கே ஏழரை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் டியூஷன் சென்டர் ஹாலைப் பிடித்திருந்தாள் வசந்தி. அவள் கைபேசியை ஒரு நாற்காலியில் சாய்த்துவைத்து வீடியோவில் என்னையும் உட்காரவைத்திருந்தாள். பெஞ்சில் முந்நூறு பிரதியும் அடுக்கியிருந்தது. காஞ்சிபுரம் கடைக்காரர் திருப்பிக் கொடுத்த நூறும் அதில் சேர்த்தி. மேடையேறியவர்கள் எல்லோரும் நம் ஊர்க் கல்வெட்டில் ஆரம்பித்து, ஒயர் கம்பெனிக்கு வந்துசேரவே இல்லை. கூட்டம் பரவாயில்லை, எழுபது எண்பது பேர். ஆனால் பெஞ்சுப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. பாதிப் பேர் கையில் கைபேசி. அதில் என் புத்தகம் ஓசியில் கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வசந்தி சிரித்த முகமாக நின்றிருந்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், சூப்பர்வைசர் திட்டும்போது சிரிப்பாளே அதே சிரிப்பு. இனியா என் பக்கத்தில் உட்காராமல், கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி கேட்கலாம் என்றதும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. புள்ளலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாளாம். பெயர் மரியபுஷ்பம்.

"நான் ஃபோன்லயே படிச்சேன்க்கா" என்றாள். போச்சு என்று நினைத்தேன். "கீதம்னு போட்டிருந்திச்சி. எங்க மாமியாருக்கு கண்ணு தெரியாது, பாட்டுன்னா உசுரு. படிச்சி காட்லாம்னு எறக்கினேன். தொறந்தா, 'சாம்பார்ல பல்லி கீதம்'னு கீது."

ஹால் முழுக்கச் சிரிப்பு.

"எங்க மாமியாரு, இது எந்த சபை பாட்டுன்னு கேக்குது. எனுக்கும் ஒண்ணும் புரியல. பத்து பக்கம் தாண்டினப்பறம் மாமியாருதான் சொல்லிச்சி, அடியே, இது பாட்டு இல்ல, நம்ம பேச்சு, எவனோ திருத்திவெச்சிக்கீறான்னு. அப்பறம் கீதம் வர எடத்துல எல்லாம் நானே கீதுன்னு மாத்தி மாத்தி படிச்சேன். ரெண்டு நாளு, முயுசா. எங்க பஸ்ஸுலயும் இப்டித்தான்க்கா பேசுவோம். யாரும் எய்தமாட்டாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அதான் கேக்க வந்தேன். திருத்தாத புக்கு எதுனா கீதா?"

வசந்தி ஓடினாள். உண்மையாகவே ஓடினாள், சேலை தடுக்கி, நாற்காலி கவிழ்ந்து, நான் இருந்த கைபேசி தரையில் விழுந்தது. கொஞ்ச நேரம் எனக்கு ஃபேன் மட்டும்தான் தெரிந்தது. அவள் குரல் கேட்டது. "தோ கீதும்மா. இது திருத்தாதது. இதுல எல்லாமே அப்டியே கீது."

"வெல இன்னாக்கா?"

"நூத்தியெம்பது."

"நாலு குடுங்க. பஸ்ஸுக்கு."

பிறகு காலடிச் சத்தம். எனக்கும் ஒண்ணு, எனக்கு ரெண்டு, என் தங்கச்சி வாலாஜாபாத்ல கீறா அவளுக்கு ஒண்ணு. ஃபேனைப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன், சிரித்தேன். நடுவில் யாரோ கைபேசியை எடுத்துத் துடைத்து, "அக்கா, நீங்க இன்னும் லைன்ல கீறீங்களா?" என்று கேட்டார்கள். கீறேன் என்றேன். சத்தமாகவே சொன்னேன். என் கணவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார், சிரிக்கவில்லை.

7

மறுவாரமே காஞ்சிபுரம் கடைக்காரர் வசந்தியை அழைத்து, "அந்த திருத்தாத புக்கு கெடைக்குமா?" என்று கேட்டாராம். "இல்லைங்க, தூக்கினு வந்துட்டேன், ஞாபகம் கீதா?" என்று இவள் கேட்டாளாம். முந்நூறும் தீர்ந்து, இரண்டாம் அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். மல்லிகாவின் கையெழுத்துப் பிரதி கடையில் தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது. காதுகுத்துப் பத்திரிகைக்காரர்களை அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்புகிறாளாம். பேச ஆரம்பித்தால் மூச்சுவிடாமல் பேசுகிறாள்.

பத்து வேலை நாள் முடிந்து மின்நூலுக்கும் விலை திரும்பி வந்தது. எவ்வளவு வைப்பது என்று வசந்தியைக் கேட்டேன்.

"பேப்பருக்கு இன்னாவோ அதான் அதுக்கும். ஜெர்மனிக்காரனுக்கு மட்டுந்தான் சட்டமா? நம்மளும் போட்டுக்கலாம்."

"சரிடி. எனக்கு எப்ப புக்கு அனுப்பற?"

கடையில் யாருக்கோ ஜெராக்ஸ் கணக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.

"வசந்தி?"

"ஒனக்குன்னு அஞ்சு எடுத்துவெச்சிருந்தேன்டி. கடேசில ஒரு அஞ்சு பேரு வந்து நின்னாங்க. குடுத்துட்டேன்."

ஆக, என் புத்தகம் எனக்கே இல்லை. இந்த வீட்டில் இருப்பது கீதம் மட்டும்தான். அதையும் திருத்தாமல் விற்க முடியாது. ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் திருப்பி மாற்றவும் முடியாது. ஏனென்றால் பஸ்ஸில் ஜெசிந்தா என்று ஒருத்தி வருவாள். வாலாஜாபாத் வரும்வரை நிஜமாகவே கீதம் பாடிக்கொண்டு வருவாள். புத்தகத்தில் ஒரு அத்தியாயமே அவளுக்குத்தான். எது கீது, எது கீதம் என்று ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். இனியா வந்து மடிக்கணினியை என் முன்னாலிருந்து நகர்த்தினாள். "நான் கெடுத்தேன், நானே செய்கிறேன்" என்றாள். சனிக்கிழமை, வெளியே நல்ல வெயில், தோழிகள் குளத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போகவில்லை.

முதல் பக்கத்திலேயே நிறுத்தினாள். "'இங்க எடம் கீதம், வா.' அம்மா, இது எது?"

"கீது."

"'சாம்பார்ல பல்லி கீதம்'?"

"கீதுதான். பல்லி எங்கடி பாடும்?"

சிரித்தாள். ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னேன். வரியை வாய்விட்டுப் படித்தால்தான் தெரிகிறது என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். நாங்கள் நாற்பது பேரும் பேசியது, என் பிள்ளையின் வாயிலிருந்து, முதலில் தட்டித் தடவி, பிறகு கொஞ்சம் வேகமாக. கதவைச் சாத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நடுவில் ஜெசிந்தா வந்தாள். அதைப் படித்து, தலையாட்டி, தொடாமல் விட்டுவிட்டு மேலே போனாள்.

நாற்பதாம் பக்கத்துக்கு அப்புறம் அவள் என்னைக் கேட்கவில்லை.